புத்தகம் எண்ண வந்த சேர்

களவா? களவுன்னு கல்வி ஆபீசுக்கு டெலிபோன் கோல் வந்திருந்தா களவாத்தான் இருக்கும் சேர், அதுல நான் என்னத்தச் சொல்லக் கெடக்கு. நான் இந்த ஸ்கூல்ல மத்தியானச் சாப்பாடு ஆக்குறவ. ஷாமலான்னு பேரு. அபிவிருத்திச் சங்கத்துலயும் இருக்கேன், ஆனா அது பேருக்குத்தான். மீட்டிங் வச்சா டீ ஊத்துறதுக்கு ஒரு ஆள் வேணும்ல, அதுக்காகச் சேத்துக்கிட்டாங்க. நீங்க இப்பிடி ஒக்காருங்க சேர். அந்தக் கதிரை வேணாம், அது பெரிய சேரோடது. அவரு கோவிச்சுக்க மாட்டாரு, ஆனா நீங்க ஆபீசுல இருந்து வந்தவரு அதுல ஒக்காந்திருக்கிறதப் பாத்தா மனுசனுக்கு நெஞ்சு அடைச்சிரும்.

பெரிய சேர், அதான் எங்க அதிபரு கிருஷ்ணராஜ் சேர், வந்துக்கிட்டு இருக்காரு. கலஹா தாண்டிட்டாராம். மழைக்கு ரோட்டுல மண்ணு சரிஞ்சி கெடக்கு, இல்லாட்டி இந்நேரம் வந்திருப்பாரு. நீங்க வந்து எறங்குன ஒடனேயே கஜலட்சுமி டீச்சர் கோல் பண்ணிட்டாங்க. நூலக அலுமாரியில புத்தகம் களவாம், ஆபீசர் எண்ண வந்திருக்காருன்னு சொன்னதும், ஐயோன்னாராம். திரிவீல் புடிச்சி வாரேன்னாராம். கண்டியில இருந்து தெல்தோட்டைக்குத் திரிவீல்ல வார மனுசன் இல்ல சேர் அவரு. எப்பயும் பஸ்தான்.

இல்ல சேர், வேற சாவி கெடையாது. ஒரே சாவி, அது அவரு இடுப்புலதான் இருக்கும். செவப்புக் கயித்துல கட்டி இடுப்புல சொருகியிருப்பாரு. எங்க போனாலும் அது கூடவே போகும். போன வருசம் அவருக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேசன் பண்ணுனாங்க, பேராதனை ஆஸ்பத்திரியில. ஆபரேசன் தியேட்டருக்குள்ள போகையில அதக் கழட்டச் சொல்லி நர்சுக்கும் இவருக்கும் ஒரே சண்டையாம். கடேசில சம்சாரத்த வெளிய நிக்க வச்சி, கையில சாவியக் குடுத்து, நீ எங்கயும் போயிறாதன்னு சொல்லிட்டுத்தான் மயக்க மருந்து போட விட்டாராம். அவரே பெருமையாச் சொல்லுவாரு.

இன்னிக்கு எதுக்கு கண்டிக்குப் போனாரா? அதையேன் கேக்குறீங்க. இது வாசிப்பு மாசம்ல. ஆரம்பப் பாடசாலைப் புள்ளைங்கள நூலகத்தின் மூலமா எப்பிடி வாசிக்க வைக்கிறதுன்னு ஒரு கருத்தரங்கு. பெரிய சேர் அதுல பேசப் போயிருக்காரு. ஆமா சேர், பேசத்தான். கேக்க இல்ல. சாவியோடதான் போனாரு.

சிரிக்காதீங்க சேர், நான் குத்திக் காட்டிச் சொல்லல. அவரு நல்ல மனுசன். இந்தா பிளேன்டீ. சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன், வேணும்னா சொல்லுங்க. இந்த ஜன்னல் வழியாப் பாருங்க, அந்தா பச்சக் கதவு போட்ட ரூம், அதுதான் நூலகம். மேல போர்டு பாருங்க, மூணு பாஷையிலயும் எழுதியிருக்கு. அந்த போர்ட வாசிச்சே எங்க புள்ளைங்களுக்கு மூணு பாஷையும் தெரியும். வேற ஒண்ணும் அந்த ரூம்ல இருந்து அதுங்க வாசிச்சதில்ல.

நாட்டுல பெட்ரோலுக்குக் கியூவுல நின்ன காலம் எல்லாம் முடிஞ்சி, சனம் கொஞ்சம் மூச்சு விட்ட வருசம் அது. கண்டி டவுன் கடைக்காரங்க கொஞ்சப் பேரு சேந்து தோட்டத்து ஸ்கூலுங்களுக்குப் புத்தகம் குடுத்தாங்க. நல்ல புத்தகம் சேர். வழுவழுன்னு தாளு, பக்கத்துக்குப் பக்கம் படம். அத வைக்க இரும்பு அலுமாரியும் அவங்களே குடுத்தாங்க. தெறப்பு விழாவுக்கு நாங்க பொம்பளைங்க எல்லாம் தேயிலக் கொழுந்து எடுக்கப் போகாம வந்து தோரணம் கட்டுனோம். ஒரு பெரியவரு ரிப்பன் வெட்டுனாரு, இன்னொருத்தரு பேசுனாரு, அப்பறம் இன்னொருத்தரு அவரு பேசுனதயே பேசுனாரு. எல்லாம் முடிஞ்சி ஃபோட்டோ. ஒவ்வொரு புள்ள கையிலயும் ஒரு புத்தகத்தக் குடுத்து நெஞ்சுக்கு நேரா புடிக்கச் சொன்னாங்க. என் மக ஷெரோமி அப்ப ரெண்டாம் வகுப்பு. முன் வரிசையில நின்னா.

ஃபோட்டோக்காரன் கெமராவோட மல்லுக் கட்டிக்கிட்டு நின்னான். வெயிலு, நெழலு, அந்தப் பொடியன நகத்து, இந்தப் புள்ளயச் சிரிக்கச் சொல்லு. அந்த நேரத்துக்குள்ள இவ என்ன பண்ணியிருக்கா, அட்டைய கெமராவுக்குக் காட்டிக்கிட்டே, மேல இருந்து குனிஞ்சி உள்ள இருக்குறத வாசிச்சிருக்கா. ஒரு நண்டாம் சேர். கொழும்புக் கடல்ல இருந்த நண்டு கண்டி வாவியப் பாக்கணும்னு ஆசப்பட்டு ரயில் ஏறுதாம். ஜன்னல் சீட்டு வேணும்னு சண்டையெல்லாம் போடுதாம். பேராதனையில எறங்கி வேற ரயில் மாறணும்ல? எறங்கிருச்சாம். எந்த ரயில்னு தெரியாம பிளாட்போர்ம்ல நின்னு முழிக்குதாம். அந்த எடத்துல பக்கத்தத் திருப்பப் போனா. ஃபோட்டோ எடுத்தாச்சு, புத்தகத்தக் குடுங்கன்னு வாங்கி அடுக்கிட்டாங்க. அலுமாரிக்குள்ள வச்சிப் பூட்டுனதுதான்.

அன்னைக்கு ராத்திரி இருந்து என் உயிர எடுத்தா சேர். அம்மா, அந்த நண்டு கண்டிக்குப் போச்சா இல்லையா? எனக்கு எப்பிடித் தெரியும்? நான் பத்தாவது வரைக்கும் படிச்சவதான், ஆனா அந்தப் புத்தகத்த நான் பாத்ததே இல்லையே. அன்னைக்கு இருந்த அலுப்புல சொல்லிட்டேன், யாரோ புடிச்சிக் கொழம்பு வச்சிட்டாங்கடி, படுத்துத் தூங்குன்னு. ஐயோ, அழுதா பாருங்க. அந்தோனியார் படத்துக்கு முன்னால முட்டி போட்டு அழுதா. பக்கத்து வீட்டுக் காம்பறாவுல இருந்து ஆள் வந்து யாரு செத்தான்னு கேட்டாங்க. நண்டுன்னு சொல்ல முடியுமா?

அப்பறம் நான் முடிவ மாத்திச் சொன்னேன். கண்டிக்குப் போயிருச்சு, வாவியில குதிச்சிச்சு, தண்ணியில உப்பு இல்லாததால திரும்ப ரயில் ஏறிருச்சுன்னு. இன்னொரு நாளு, ஸ்டேசன்லயே வேல குடுத்துட்டாங்க, ரெண்டு கொடுக்குலயும் ரெண்டு கொடியப் புடிச்சிக்கிட்டு ரயிலுக்குக் காட்டுதுன்னு. லயத்து வீட்டுப் புள்ளைங்க எல்லாம் சாயந்திரமானா வாசல்ல வந்து ஒக்காந்துக்கும், இன்னிக்கு நண்டுக்கு என்னாச்சு மாமின்னு. எல்லாம் கேட்டுட்டு என் மக சொல்லுவா, நல்லாருக்கும்மா, ஆனா அது நீ சொல்றது. அந்தப் புத்தகத்துல என்ன எழுதியிருக்குன்னு நான் கேக்குறேன்.

வாங்கிக் குடுக்க வேண்டியதுதானேன்னு கேக்குறீங்களா? எங்க வீட்டுக்காரரு கண்டியில ஒரு பாத்திரக் கடையில நிக்கிறாரு. அவரு லீவு நாள்ல புத்தகக் கட புத்தகக் கடையா ஏறி எறங்குனாரு. பேரு என்னன்னு கேட்டா சொல்லத் தெரியல. அட்டைய கெமராவுக்குக் காட்டிக்கிட்டுல நின்னா, உள்ள வாசிச்சாளே ஒழிய பேரப் பாக்கல. நண்டு ரயில்ல போற புத்தகம் இருக்கான்னு இவரு கேக்க, கடக்காரரு ஒரு மாதிரி பாத்துட்டு ஸ்கொலர்ஷிப் சோதனைக்கு மாதிரி வினாத்தாள் இருக்கு, தரவான்னாராம். மூணு கடையிலயும் அதேதான். மனுசன் வெறுத்துப் போயி ஒரு வினாத்தாளோட வீட்டுக்கு வந்தாரு.

பெரிய சேர்கிட்ட கேக்காம இருப்பேனா? கேட்டேன். அவரு என்னக் கூட்டிக்கிட்டுப் போயி அலுமாரியத் தொறந்தே காட்டுனாரு. உள்ள இல்ல, நூலக வாசல்ல நின்னு பாக்கச் சொன்னாரு. பாத்தா, மாதா கோயில் பீடம் மாதிரி வச்சிருக்காரு சேர். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பிரவுன் தாள்ல அட்ட, அதுக்கு மேல பொலித்தீன், முதுகுல நம்பர், மூலைக்கு மூல பாச்சா உருண்டை. எது என்ன புத்தகம்னு அவருக்கே தெரியாது, நம்பர் பாத்தாத்தான் தெரியும். ஒரு குடும்பத்துல பொறந்த புள்ளைங்களுக்கு எல்லாம் ஒரே துணியில சட்ட தச்ச மாதிரி. பாத்தியா ஷாமலா, ஒரு கற கெடையாது, ஒரு மடிப்பு கெடையாது, வந்த அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்குன்னாரு. உண்மதான். சொல்லும்போது அவரு கண்ணு கலங்குச்சு. எனக்கும் கலங்குச்சு, ஆனா அது பாச்சா உருண்ட நெடியில.

இல்ல சேர், அவர மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். இவருக்கு முன்னால சுவக்கின் சேர் இருந்தாரு. பழைய புத்தகம் கொஞ்சம் அவரு காலத்துல இருந்துச்சு. அவரு பூட்டே போட மாட்டாரு. கேக்குற புள்ளைக்கெல்லாம் குடுத்துருவாரு. ஒரு குடும்பம் தோட்டத்த விட்டு வத்தளைப் பக்கம் போயிருச்சு, அந்தப் புள்ள கையோட ரெண்டு புத்தகமும் போயிருச்சு. அந்த வருசம் சாமான் கணக்கு எடுக்க வந்தவங்க ரெண்டு புத்தகம் எங்கன்னு கேட்டாங்க. வாசிக்கக் குடுத்தேன்னாரு. வாசிக்கவா, யாரு அனுமதியிலன்னாங்க. அப்பிடி ஆரம்பிச்ச விசாரணதான் சேர். ரிட்டயராகி வீட்ல சாஞ்சி கெடக்க வேண்டிய மனுசன், கொட ஒண்ணக் கையில புடிச்சிக்கிட்டு ஆபீசு ஆபீசா ஏறி எறங்குனாரு. அதக் கண்ணால பாத்தவரு கிருஷ்ணராஜ் சேர். அப்ப இங்க சாதாரண டீச்சரா இருந்தாரு. அப்பறம் அவரு எப்பிடிப் புத்தகத்தக் குடுப்பாரு? நானா இருந்தாலும் இடுப்புலதான் கட்டியிருப்பேன்.

அதுக்காக நூலகத்துல ஒண்ணும் நடக்கலன்னு நெனச்சிறாதீங்க. ஏகப்பட்டது நடக்கும். வாசிப்பு மாசம் வந்தா ஸ்கூலே ஒரு கோயில் திருவிழா. மொத நாளு ஊர்வலம். வாசிப்போம் வளர்வோம்னு அட்ட புடிச்சிக்கிட்டு பெக்டரி வரைக்கும் போயி வருவாங்க. கொழுந்து நிறுக்குற எடத்துல நின்னு புள்ளைங்க கத்தும், வாசிப்போம்! வளர்வோம்! கணக்கப்புள்ள ஐயா காதப் பொத்திக்கிட்டு உள்ள போயிருவாரு. ரெண்டாவது வாரம் புத்தகக் கண்காட்சி. அன்னைக்கு அலுமாரி தொறக்கும். மேசையில வெள்ளத் துணி விரிச்சி, பொலித்தீன கழட்டி, பிரவுன் தாளக் கழட்டி, வரிசையா அடுக்கி, சுத்தி கயிறு கட்டிருவாங்க. புள்ளைங்க கையப் பின்னால கட்டிக்கிட்டு லைன்ல போகணும். நிக்கக் கூடாது, நடந்துக்கிட்டே பாக்கணும். ஒரு தலைவரு செத்தா மரியாத செலுத்தப் போவாங்கல்ல, அப்பிடி. என் மக ஒவ்வொரு வருசமும் அந்த லைன்ல ரெண்டு மூணு தரம் போவா. நண்டுப் படம் போட்ட அட்ட எதுலயும் இல்லையாம். அட்டையில நண்டு இருக்கணும்னு சட்டமா என்ன, உள்ளல்ல இருக்கு நண்டு. தொறந்து பாத்தாத்தானே தெரியும்.

அப்பறம் பேச்சுப் போட்டி. போன வருசம் தலைப்பு, நூலகத்தால் நான் பெற்ற பயன். எல்லாப் புள்ளைக்கும் கஜலட்சுமி டீச்சர்தான் எழுதிக் குடுத்தாங்க. ஷெரோமி மனப்பாடம் பண்ணி, கைய ஆட்டி ஆட்டிப் பேசுனா. நான் தினமும் நூலகத்தில் அமர்ந்து அறிவுக் கடலில் நீந்துகிறேன்னு அவ சொல்றப்ப நான் அடுப்படியில பருப்பக் கிண்டிக்கிட்டு இருந்தேன், அகப்பய விட்டுட்டேன். மொதப் பரிசு. கோட்ட மட்டத்துலயும் அதான் மொதப் பரிசு. பரிசு என்ன தெரியுமா? தண்ணிப் போத்தல். புத்தகம் குடுத்தா தொலைச்சிரும்ல, அதான் போத்தல்.

பேசி முடிச்சி வந்து என்கிட்ட கேட்டா, அம்மா, நான் இன்னிக்கு மேடையில நெறைய பொய் சொன்னேன், ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமான்னு. டீச்சர் எழுதிக் குடுத்ததுன்னா பாவம் இல்லடின்னேன். வேற என்ன சொல்றது?

கஜலட்சுமி டீச்சரயும் தப்பாச் சொல்ல மாட்டேன். அந்தம்மாதான் நூலகப் பொறுப்பு, சாவி இல்லாத பொறுப்பு. காலையில இருவது நிமிசம் வாசிப்பு நேரம்னு சட்டம் வந்திருக்குல்ல? எத வாசிக்கிறது? அந்தம்மா பாத்தாங்க, கடையில சாமான் சுத்தித் தார பேப்பர எல்லாம் நீவி எடுத்து சுவத்துல ஒட்டுனாங்க. புள்ளைங்க முண்டியடிச்சிக்கிட்டு வாசிச்சிச்சுங்க. ஆனா எல்லாம் அரைச் செய்தி. ஒரு கல்யாணம், மாப்புள்ள பேரு இருக்கும், பொண்ணு பேரு சீனிப் பைக்கு கிழிஞ்சி போயிருக்கும். ஒரு கிரிக்கெட் மேச், யாரு ஜெயிச்சாங்கன்னு இருக்காது. மிச்சத்த புள்ளைங்களே சொல்லிக்கிரும். நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. ஒரு ஆபீசர் வந்தாரு. நீங்க இல்ல சேர், வேற ஒருத்தரு. சுவரு அசிங்கமா இருக்கு, இதையெல்லாம் கழுவுங்கன்னுட்டாரு. கழுவுனோம். அதுக்குப் பதிலா இப்ப அந்த எடத்துல வாசிப்பு மாசத்து வாழ்த்துச் செய்தி ஒட்டியிருக்கு. அத ஒரு தடவ வாசிச்சா போதும், ரெண்டாந்தடவ வாசிக்க ஒண்ணும் இல்ல.

நாங்களும் சும்மா இருக்கலங்க. சங்கத்துல பேசுனோம். புள்ளைங்களுக்கு வாரத்துல ஒரு நாளாவது அலுமாரியத் தொறந்து விடுங்கன்னு கேட்டோம். மேல இருந்து எழுத்துல அனுமதி வந்தா தொறக்குறேன்னாரு பெரிய சேர். சரின்னு மேல எழுதுனோம். கவனத்தில் எடுக்கப்படும்னு பதில் வந்துச்சு. திரும்ப எழுதுனோம். திரும்பவும் கவனத்துல எடுத்தாங்க. மூணாவது தரம் ஆளே வந்தாங்க. நாங்க எல்லாம் சந்தோசமா வாசல்ல நின்னோம். வந்தவங்க நூலகத்தச் சுத்திப் பாத்தாங்க, அலுமாரியப் பாத்தாங்க, ஆஹான்னாங்க. சிறந்த முறையில் பராமரிக்கப்படும் ஆரம்பப் பாடசாலை நூலகம்னு ஒரு சான்றிதழ் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்தா பாருங்க, உங்க தலைக்கு மேலதான் மாட்டியிருக்கு. ஃப்ரேம் பண்ணது எங்க வீட்டுக்காரரு.

அதுக்கப்பறம் பெரிய சேர்கிட்ட யாரு என்ன பேசுறது? சான்றிதழ் வாங்குன அலுமாரியாச்சே அது. தனபாலன்னு எங்க சங்கத்துல ஒருத்தரு, கொஞ்சம் சூடான ஆளு, பூட்ட ஒடைச்சிரலாம்னாரு. நான்தான் வேணாம்னேன். ஒடைச்சா அது களவு. போலீசு வரும், ஒரு புள்ளைக்கும் வாசிக்கக் கெடைக்காது.

யாரச் சந்தேகப்படுறேன்னா? நான் யாரச் சொல்றது சேர். குரங்க வேணும்னா சொல்லலாம். இங்க குரங்கு ரொம்ப மோசம், போன கெழம ஒண்ணு வந்து அடுப்படியில ஊற வச்சிருந்த கடலைய அள்ளிக்கிட்டுப் போச்சு. ஆனா பூட்டுத் தொறந்து, பொலித்தீன் பிரிச்சி, திரும்பப் பூட்டிட்டுப் போற குரங்கு நம்ம பக்கம் இல்ல. மனுசங்கன்னா, தோட்டத்துல புத்தகத்தத் திருடுற அளவுக்கு வாசிக்கிற பழக்கம் வந்திருந்தா நாங்க அதுக்கே ஒரு விழா எடுத்திருப்போம்.

சரி சேர், நான் ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்காதீங்க. களவுன்னு முறைப்பாடு வந்தா நீங்க எண்ணாமப் போக மாட்டீங்கல்ல? இல்ல, சும்மாதான் கேட்டேன். ஆ, சட்டமே அப்பிடித்தானா. அலுமாரியில இருக்குற எல்லாத்தயும் வெளிய எடுப்பீங்களா, இல்ல அங்கயே வச்சி முதுகுல இருக்குற நம்பர மட்டும் பாப்பீங்களா? எல்லாத்தயும் வெளிய எடுக்கணும். சரி. அட்டைய கழட்டி? நல்லது. உள்ளுக்குப் பக்கம் கிழிஞ்சிருக்கான்னும் பாக்கணுமா? ஒவ்வொரு பக்கமா? அப்பிடின்னா ஒரு ஆளு ஒக்காந்து பாத்தா நாளைக்கும் முடியாதே சேர். இல்ல இல்ல, கஷ்டமா இருக்குன்னு சொல்லல. நல்லது, நல்லது. அப்பிடித்தான் பாக்கணும். இன்னொரு டீ ஊத்தவா?

இந்த ஸ்கூல் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் சேர். ஷெரோமி இப்ப அஞ்சாம் வகுப்பு. இந்த வருசத்தோட முடிஞ்சி போச்சு. அடுத்த வருசம் பெரிய ஸ்கூலுக்கு பஸ்ல போவா, அங்க நூலகம் பெருசாம், ஆனா அங்க இந்த நண்டு இருக்காது. இருந்தாலும் அப்ப அவளுக்கு நண்டு வேணுமான்னு தெரியாது. இப்பயே முன்ன மாதிரி கேக்குறதில்ல. போன கெழம நானாக் கேட்டேன், ஏன்டி, நண்டுக்கு இன்னிக்கு என்னாச்சுன்னு சொல்லவான்னு. வேணாம்மா, எனக்கு மறந்து போச்சுன்னா. மறக்கல சேர். நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா? கேட்டு கேட்டு அலுத்துப் போயி, கேக்குறதயே விட்டுட்டா. அவ அழுதப்பக்கூட எனக்கு அப்பிடி வலிக்கல. மறந்து போச்சுன்னு சொன்னா பாருங்க, அதுதான் எனக்கு வலிச்சிச்சு. ஒரு புள்ளைக்கு ஒண்ண வாசிக்கணும்னு ஆச வாரதே பெருசு. அந்த ஆசயப் பூட்டி வச்சி, பாச்சா உருண்ட போட்டு, அதுக்கு சான்றிதழும் குடுத்தா எப்பிடி சேர்? அவ ஒருத்தி மட்டுமில்ல. அன்னைக்கு அந்த ஃபோட்டோவுல நின்ன அத்தன புள்ளையும் ஏதோ ஒரு கத பாதியில, ஏதோ ஒரு பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. ஒண்ணு சிங்கத்து வாயில, ஒண்ணு கெணத்துக்குள்ள. வெளிய எடுத்து விட ஆளு இல்ல.

மன்னிச்சிருங்க, என்னமோ பேசிட்டேன்.

ஆ, திரிவீல் சத்தம். அவருதான். அந்தா எறங்குறாரு பாருங்க. கொடைய விரிக்கக்கூடத் தோணாம நனைஞ்சிக்கிட்டு நிக்கிறாரு. மீதிக் காசு வாங்காம வாராரு. ஒரு கையால இடுப்பப் புடிச்சிக்கிட்டு இருக்காரு பாத்தீங்களா, சாவி பத்திரமா இருக்கான்னு. ஐயோ பாவம், மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு. நான் இந்த அளவுக்கு நெனக்கல.

சேர், அவரு படியேறி வாரதுக்குள்ள சொல்லிர்றேன். நீங்க அவர ஒரு வார்த்த ஏசாதீங்க. ஒரு புத்தகமும் களவு போகல. ஒண்ணு கூடக் கொறையாது, ஒரு பக்கம் கூடக் கிழிஞ்சிருக்காது, அவரு வச்சிருக்குற லட்சணத்துக்கு நான் ஜவாப்தாரி. ஆபீசுக்கு அந்தக் கோல் பண்ணது நான்தான்.

ஆமா சேர், நான்தான். வெளையாட்டுக்கு இல்ல. தொறந்து விடுங்கன்னு மூணு தரம் கேட்டோம், கவனத்துல எடுத்தீங்க. காணாமப் போச்சுன்னு ஒரே ஒரு கோல், மறுநாளே மழையில ஜீப்போட வந்து நிக்கிறீங்க. களவு போச்சான்னு பாக்கணும்னா அலுமாரியத் தொறந்துதானே ஆகணும்? எண்ணணும்னா வெளிய எடுத்துதானே ஆகணும்? எம்மேல என்ன நடவடிக்க எடுக்கணுமோ எடுங்க. சமையல்ல இருந்து நிப்பாட்டுங்க, போலீசுலயே குடுங்க, வாரேன். ஆனா வந்தது வந்தீங்க, முறைப்பாடு முறைப்பாடுதானே, எண்ணிட்டுப் போங்க.

உங்களுக்கு ஒரு கஷ்டமும் வராது. அஞ்சாம் வகுப்புப் புள்ளைங்க எல்லாம் வராந்தாவுல ஒக்காந்திருக்கு. சவுக்காரம் போட்டுக் கைய கழுவி, தொடச்சி, காய வச்சி, பாய் விரிச்சி வச்சிருக்கேன். ஆளுக்கு ஒரு புத்தகம் குடுத்தீங்கன்னா, ஒரு பக்கமும் விடாம மொதல்ல இருந்து கடேசி வரைக்கும் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லும். என்ன, எழுத்துக் கூட்டித்தான் பாக்கும், கொஞ்சம் நேரம் எடுக்கும். மழையும் இப்ப விடாது, ரோட்டுலயும் மண்ணு கெடக்கு. நீங்க அவசரப்படாம, மெதுவா எண்ணுங்க சேர்.